கிழக்கே வந்த துறவிகள் – 14
செங்கல்பட்டில் கிடைத்த விலாசம்

மேஜர் ஆலன் சாட்விக் 1935 நவம்பர் 1-ஆம் தேதி ரமணாசிரமத்தில் காலடி வைத்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் அவரை அங்கே இழுத்து வந்த புத்தகம் பிறந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1931 ஜனவரி. அந்தப் புத்தகத்தை எழுதிய பால் பிரண்டனுக்கு வயது 32. அடையாற்றங்கரையில் பிரமா என்ற ஹடயோகி மூச்சையும் நாடியையும் அடக்கிக் காட்டியதில் வியந்துபோயிருந்தார். ஆனாலும் அவர் தேடி வந்தது அது இல்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகன் பிரண்டன் அல்ல, கா.சி.வேங்கடரமணிதான். 'முருகன் ஓர் உழவன்' எழுதிய அதே வேங்கடரமணி. காஞ்சி சங்கராசாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி யாத்திரையில் செங்கல்பட்டில் முகாமிட்டிருந்தார். தாம்பரத்துக்கு மின்சார ரயில்கூட வந்திராத நாட்கள். அது ஓடத் தொடங்கியதே சில மாதங்கள் கழித்துத்தான். அந்தத் தாம்பரத்தையும் தாண்டி, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரைக் கையோடு கூட்டிப்போய்ப் பெரியவர் முன் நிறுத்தினார் வேங்கடரமணி. தமிழ் இலக்கிய வரலாறுகள் இவருக்குத் தரும் இடம் போதவே போதாது.

மங்கிய வெளிச்சம். அறையின் கோடியில் காவி உடுத்தி, தண்டம் பிடித்த சிறிய உருவம். பெரியவருக்கு அப்போது 36 வயது. உலகம் எப்போது திருந்தும் என்பதில் தொடங்கிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்ட பிரண்டன், கடைசியில் தன்னைச் சீடனாக ஏற்க முடியுமா என்று கேட்டேவிட்டார். மடத்தின் பொறுப்பைச் சுமப்பவருக்கு இரவில் தூக்கமே மூன்று மணி நேரம்தான். தனிச் சீடர்களுக்கு நேரம் ஏது என்றார் பெரியவர். இரண்டு பேரைக் குறிப்பிட்டார். ஒருவர் காசியில். மற்றவர் அருணாசலத்து ரமண மகரிஷி. அவரைப் பார்க்காமல் தென்னாட்டை விட்டுப் போகக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்.

தேடி வந்தவரைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளாமல் இன்னொருவர் வாசலுக்கு அனுப்பிவைக்க எத்தனை பீடாதிபதிகளுக்கு மனம் வரும்? பெரியவரைப் பற்றி ஆயிரம் அற்புதக் கதைகள் சொல்கிறார்கள். எனக்கு இது ஒன்றே போதும்.

திருவண்ணாமலை போன பிரண்டன் காவி கட்டவில்லை, புத்தகம் எழுதினார். 1934-இல் லண்டனில் வெளியான அதைப் படித்துவிட்டுத்தான் சாட்விக் கப்பலேறினார். சாது அருணாசலா என்ற பெயரோடு 1962-இல் கண்மூடும்வரை அந்த ஆசிரமமே அவருக்கு வீடு. அவர் வந்து இறங்கிய நாளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)