60 ஃபிரேம் இருந்தும் திக்கிய கேம்கள்

கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவர்கள் பல வருடம் நம்பியிருந்த எண் எஃப்.பி.எஸ். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற சராசரிதான் அது. 60 என்று காட்டினால் நல்ல கார்டு! ஆனால் திரையில் படம் திக்கித் திக்கி ஓடும். ராமை மாற்று, டிரைவரை மறுபடி போடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

சிக்கல் சராசரியில் ஒளிந்திருந்தது. 59 ஃபிரேம்கள் முக்கால் விநாடிக்குள் வந்துவிட்டு, அடுத்த ஒன்று மட்டும் கால் விநாடி இழுத்தடித்தாலும் கணக்கு 60 தான். கண்ணுக்கோ அந்தக் கால் விநாடி உறைந்து நிற்பது நன்றாகவே தெரியும்.

2011 செப்டம்பரில் 'தி டெக் ரிப்போர்ட்' தளத்தின் ஸ்காட் வாஸன் இதைத்தான் பிடித்தார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று தனித்தனியாக அளந்தார். (60 எஃப்.பி.எஸ். என்றால் ஒன்றுக்கு 16.7 வரவேண்டும்.) இரண்டு கார்டு பூட்டிய கம்ப்யூட்டர்களில் ஒரு ஃபிரேம் சீக்கிரம், அடுத்தது தாமதம் என்று மாறி மாறி வந்தது அம்பலமானது. இரட்டிப்புப் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

2012 டிசம்பரில் ஏ.எம்.டி.யின் ரேடியான் 7950 இதே அளவையில் மாட்டியது. சராசரியில் போட்டிக் கார்டுக்குச் சளைக்கவில்லை, ஆனால் இடையிடையே இழுபறி. நிறுவனம் டிரைவரைத் திருத்தத் தொடங்கியது. இரட்டைக் கார்டுகளுக்கு ஃபிரேம்களைச் சீரான இடைவெளியில் அனுப்பும் சோதனை டிரைவர் 2013 ஆகஸ்டில் வந்தது.

சில வருடம் கழித்து வாஸன் அதே ஏ.எம்.டி.யில் வேலைக்குச் சேர்ந்தார்.