டெப் கணினியைப் புதுப்பிக்கும் முன் மீட்பு வழியைத் தயார்செய்வோம்

கொவிட் பெருந்தொற்றின் காரணமாக 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட நாள்முதல் டெப் கணினி எமது இல்லங்களில் நிரந்தர இடம்பிடித்துவிட்டது. திருகோணமலைத் துறைமுக நகரிலும் கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் ஆகிய பகுதிகளிலும் உயர்தர மாணவரின் பாடக்குறிப்புகள், மீன் வியாபாரியின் கொடுக்கல் வாங்கல் கணக்கு, பள்ளிவாசல் நிர்வாக சபையின் சந்தா விபரம், ஆலய பரிபாலன சபையின் வரவு செலவு என்பன இச்சிறு சாதனத்தினுள்ளேயே அடங்கியுள்ளன. நாட்டின் 2024ஆம் ஆண்டுக் குடிசன, வீட்டுவசதிகள் தொகைமதிப்பின்போதுகூட வீடுவீடாக வந்த அலுவலர்கள் டெப் கணினியிலேயே விபரங்களைத் திரட்டினர்.

இத்தகைய சாதனத்தின் பணிசெயல் முறைமையைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது அது நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பலரும் முன்கூட்டியே சிந்திப்பதில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 பதிப்புக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியதையடுத்து இவ்விடயம் மேலும் முக்கியத்துவம் பெற்றுள்ளது.

புதுப்பித்தல் ஏன் அவசியம்?

பணிசெயல் முறைமை என்பது சாதனத்தின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று யாவற்றையும் நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருளாகும். அதிற் காணப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளை நிறுவனங்கள் அவ்வப்போது கண்டறிந்து திருத்தங்களை வெளியிடுகின்றன. மைக்ரோசொப்ட் 2017 மார்ச் 14இல் அத்தகைய திருத்தமொன்றை வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாதிருந்த கணினிகளையே அதே ஆண்டு மே 12இல் பரவத் தொடங்கிய 'வன்னாக்ரை' கப்பம் கோரும் மென்பொருள் பதம்பார்த்தது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் சிகிச்சைகளும் சத்திரசிகிச்சைகளும் தடைப்பட்டன.

எமது நாட்டின் அனுபவம் இதனினும் கசப்பானது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக் கட்டமைப்பு இவ்வாறான தாக்குதலுக்கு உள்ளானது. அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அங்கு பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டின் மென்பொருட் பதிப்பாகும். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது. வலையமைப்புடன் இணைந்திருந்த காப்புப்பிரதியும் தாக்குதலில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. உரிய காலத்தில் புதுப்பிக்காமை, தனியான பிரதி இன்மை ஆகிய இரு குறைகளும் ஒருங்கே சேர்ந்தமையே இழப்பைப் பெரிதாக்கியது. வீட்டிலுள்ள டெப் கணினிக்கும் இது பொருந்தும்.

இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது

மீட்பு ஊடகம் வேறு, காப்புப்பிரதி வேறு. சாதனம் இயங்க மறுக்கும்போது பணிசெயல் முறைமையை மீண்டும் நிறுவ உதவும் பென் டிரைவ் போன்றது மீட்பு ஊடகம். எமது கோப்புகளையும் படங்களையும் பிறிதோர் இடத்தில் பிரதிசெய்து வைப்பதே காப்புப்பிரதி. மீட்பு ஊடகம் சாதனத்துக்கு உயிரூட்டுமேயன்றி, மகளின் திருமணப் படங்களையோ மகனின் செயற்றிட்ட அறிக்கையையோ திருப்பித் தராது. இவ்வேறுபாட்டை அறியாதோரே பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றனர்.

விண்டோஸ் டெப் கணினிகள்

விண்டோஸ் சாதனங்களில் மீட்பு டிரைவ் உருவாக்கும் வசதி உள்ளடங்கியுள்ளது. அதற்குக் குறைந்தது 16 ஜீ.பி. கொள்ளளவுள்ள வெறுமையான பென் டிரைவ் தேவை. அதிலுள்ளவை அனைத்தும் அழிக்கப்படும் என்பதை மறத்தலாகாது. முறைமைக் கோப்புகளையும் சேர்க்கும் தெரிவைக் குறித்துக்கொண்டால் மாத்திரமே அதிலிருந்து முழுமையாக மீள நிறுவ முடியும். சேர்பேஸ் வகை டெப் கணினிகளுக்கு, தொடரிலக்கத்தை வழங்கி உரிய மீட்புக் கோப்பை மைக்ரோசொப்டின் இணையத்தளத்திலிருந்தும் பெறலாம். பென் டிரைவைப் பொருத்தி, ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தியவாறே மின் பொத்தானை அழுத்தி விடுவித்தால் அச்சாதனம் டிரைவிலிருந்து தொடங்கும். ஏனைய நிறுவனங்களின் சாதனங்களில் இம்முறை வேறுபடும்.

விண்டோஸ் 11 எல்லாச் சாதனங்களிலும் இயங்குவதில்லை. 4 ஜீ.பி. நினைவகம், 64 ஜீ.பி. சேமிப்பகம், 64 பிற் செயலி, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு என்பன அதன் நிபந்தனைகளுட் சிலவாகும். மலிவான பழைய டெப் கணினிகள் பல இங்கேயே தகுதியிழக்கின்றன. தகுதியுள்ள சாதனத்தைப் புதுப்பித்த பின்னர் திருப்தியில்லையெனில், பொதுவாக 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம்.

சாதனம் பிற்லொக்கர் முறையில் பூட்டப்பட்டிருப்பின், மீட்பின்போது 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்கப்படலாம். அதனை முன்னதாகவே தாளில் எழுதி, அடையாள அட்டையின் பிரதியுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துவது நன்று. அக்குறியீடு இன்றேல் உள்ளிருப்பவற்றைப் பெற வழியில்லை.

அன்ட்ரொயிட், ஐபேட்

அன்ட்ரொயிட் டெப் கணினிகளில் மீட்புப் பகுதி சாதனத்தினுள்ளேயே ஒதுக்கப்பட்டுள்ளது. 2016இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 7 முதல், இரு பிரிவுகளில் முறைமையை வைத்திருக்கும் ஏற்பாடு அறிமுகமானது. புதிய பதிப்பு ஒரு பிரிவில் நிறுவப்படும். அது தொடங்கத் தவறினால் மற்றப் பிரிவிலுள்ள பழைய பதிப்புக்குச் சாதனம் திரும்பும். எல்லாத் தயாரிப்புகளிலும் இவ்வசதி இல்லை. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல் என்னும் தெரிவு உள்ளிருப்பவற்றை முற்றாக அழித்துவிடும். ஆதலால் அது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும்.

இங்கு எமது மாவட்டத்துக்குரிய சிக்கல் ஒன்றுண்டு. மத்திய கிழக்கில் தொழில்புரியும் தந்தை தமது கூகுள் கணக்கை இட்டு அனுப்பிய டெப் கணினியை, மீட்புப் பகுதியினூடாகத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றினால், அது மீண்டும் அக்கணக்கின் கடவுச்சொல்லையே கேட்கும். களவைத் தடுப்பதற்கான இவ்வேற்பாடு சாதனத்தைப் பூட்டிவிடுகின்றது. பழைய சாதனம் வாங்குவோரும், முன்னைய உரிமையாளர் தமது கணக்கை நீக்கியுள்ளாரா என உறுதிசெய்த பின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.

ஐபேட் சாதனத்தைக் கணினியொன்றுடன் இணைத்து மீட்பு நிலைக்குக் கொண்டுவரலாம். அப்போது 'புதுப்பித்தல்', 'மீட்டமைத்தல்' என இரு தெரிவுகள் தோன்றும். முதலாவது, தரவுகளை அழிக்காது முறைமையை மீள நிறுவ முயலும். இரண்டாவது யாவற்றையும் அழிக்கும். முதலாவதையே முதலிற் தெரிவுசெய்தல் வேண்டும். பதிவிறக்கம் 15 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் சாதனம் மீட்பு நிலையிலிருந்து வெளியேறக்கூடும். இணைய வேகம் குறைந்த இடங்களில், பதிவிறக்கம் முடிந்த பின் மீண்டும் அந்நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பாமினியும் மறைந்த தமிழும்

முறைமையைப் புதிதாக நிறுவிய பின்னர், பழைய கடிதங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் தோன்றுவதைக் கண்டு பலர் திகைக்கின்றனர். கோப்பு பழுதாகிவிட்டதாக எண்ணி அழித்துவிடுவோரும் உளர். உண்மையில் அவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. அவ்வெழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் தோன்றும். எனவே எழுத்துருக் கோப்புகளையும் காப்புப்பிரதியில் சேர்த்தல் அவசியம். முக்கிய ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வாகும்.

மின்சாரமும் கடலும்

நிறுவும் பணி நடைபெறுகையில் மின்சாரம் தடைப்படுவது ஆபத்தானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடளாவிய ரீதியில் மின்தடை ஏற்பட்டதை வாசகர்கள் அறிவர். பற்றரியை முழுமையாக மின்னேற்றி, மின்னேற்றியையும் இணைத்த பின்னரே புதுப்பித்தலைத் தொடங்குதல் வேண்டும். பல ஜீ.பி. அளவிலான தரவு தேவைப்படுமாதலால் இணையப் பொதியின் மீதியையும் பார்த்துக்கொள்ளல் நலம்.

காப்புப்பிரதியைப் பொறுத்தவரை மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட விதியாகும். இதன் பொருளை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது கிண்ணியா, மூதூர் முதலான கரையோரங்களில் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் வீடுகளோடு அள்ளுண்டு போயின. போரினால் இடம்பெயர்ந்தோரும் அவ்வாறே வெறுங்கையுடன் வெளியேறினர். மூலப்பதிவு வேறோர் அலுவலகத்தில் இருந்தவிடத்து மறுபிரதி பெற முடிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் வெள்ளமும் அதனையே மீண்டும் நினைவூட்டின. கரையோரக் குடும்பமொன்றின் மூன்றாவது பிரதி கந்தளாயிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டிலும், இயலுமாயின் இணையச் சேமிப்பகத்திலும் இருப்பது விரும்பத்தக்கது. கூகுள் கணக்கொன்றில் 15 ஜீ.பி. வரை கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

பொது நிறுவனங்களின் கடமை

பழுதுபார்க்கக் கொடுக்கும் சாதனத்தில் குடும்பத்தாரின் அந்தரங்கப் படங்களும் வங்கி விபரங்களும் இருக்கின்றன. பிரதியெடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, இயலுமாயின் உள்ளடக்கத்தை அழித்த பின்னரே அந்நியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். இது இரு சமூகத்தாருக்கும் பொதுவான கௌரவப் பிரச்சினையாகும்.

மக்களின் விபரங்களை வைத்திருக்கும் பிரதேச செயலகங்கள், பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்போ இதனினும் பெரிது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்பொறுப்பைச் சட்டத்தின் மொழியிலேயே எடுத்துரைக்கின்றது. மீட்பு ஊடகம் அலுமாரியில் இருந்தால் மட்டும் போதாது. அது இயங்குகின்றதா என ஆண்டுக்கொரு முறையாவது பரீட்சித்தல் வேண்டும். தமிழில் எளிய வழிகாட்டித் துண்டுப்பிரசுரங்களை வெளியிட்டு, நூலகங்களிலும் பாடசாலைகளிலும் செயன்முறை விளக்கம் அளிக்க உரிய அதிகாரிகள் முன்வருதல் வேண்டும்.

உயிர்காப்புப் படகின்றி எந்தப் பயணிகள் கப்பலும் துறைமுகத்தை விட்டுப் புறப்பட அனுமதிக்கப்படுவதில்லை. பென் டிரைவ் ஒன்றின் விலை சொற்பம். அதனைத் தயாரிக்கச் செலவாகும் நேரமும் சொற்பம். மூன்றாண்டுப் பாடக்குறிப்புகளைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் இழக்கும் மாணவனின் நிலையை எண்ணிப் பார்க்கும் பெற்றோர் அச்செலவுக்குத் தயங்கமாட்டார்கள்.