பாத்திரம் யாருடையது? இணைய விளையாட்டில் ஆட்டக்காரரின் படைப்பும் பதிப்புரிமையும்

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற இணைய விளையாட்டில், ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்கு அமைத்த உடையைச் சிறு கோப்பாகச் சேமித்து வைக்க முடிந்தது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் படம் எதுவும் இருக்காது, வரிவரியாக எழுத்துதான். மார்புக்கு எந்த வடிவம், கைக்கு எந்த உறை, அதன்மேல் எந்தப் பின்னல், என்ன நிறம் என்று உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறிப்பு. வடிவங்களும் பின்னல்களும் நிறுவனம் வரைந்து வைத்தவை. எதை எதனோடு சேர்ப்பது, எங்கே எந்த நிறம் தீட்டுவது என்பது மட்டும் ஆட்டக்காரரின் தேர்வு. இப்படிப் பிறந்த பாத்திரம் யாருக்குச் சொந்தம்? சட்டம் இன்றுவரை நேராக விடை சொல்லாத கேள்வி இது.

இக்கட்டுரை அந்தக் கேள்வி அமெரிக்க நீதிமன்றங்களில் கடந்துவந்த வழியைப் பின்தொடர்கிறது. என் வாதம் இதுதான்: கேள்வியைத் தீர்த்தவை தீர்ப்புகள் அல்ல, விளையாட்டைத் தொடங்கும்முன் நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்தும் ஒப்பந்தங்கள். இங்கே பேசப்படும் வழக்குகளில் வாதியும் பிரதிவாதியும் நிறுவனங்களே. படைத்த ஆட்டக்காரர் ஒன்றில்கூடக் கட்சிக்காரராக நிற்கவில்லை.

தொடக்கத்தில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' முழுக்க எழுத்தால் ஆன உலகம். அதன் வழியில் பின்னர் வந்த எழுத்து உலகங்கள் பலவற்றில் ஆட்டக்காரர் தன் பாத்திரத்தைத் தானே வருணித்து எழுதினார். அந்த வருணனை அவர் எழுதிய உரைநடை. எழுதியவருக்கே அது சொந்தம் என்பதில் பெரிய ஐயம் எழ வாய்ப்பில்லை. படங்களால் ஆன உலகங்கள் வந்தபோது எழுதும் வேலை தேர்ந்தெடுக்கும் வேலையாக மாறியது. இனம், தொழில், முகம், முடி எல்லாம் பட்டியலில் தயாராக இருந்தன. தேர்வையும் அடுக்குமுறையையும் சட்டம் அடியோடு புறக்கணிப்பதில்லை. தொலைபேசி விவரத்தொகுப்பு பற்றிய 1991ஆம் ஆண்டு வழக்கில், தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லாவிட்டாலும் அவற்றைத் தேர்ந்து அடுக்கியதில் சிறிதளவு படைப்பாற்றல் இருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்டக்காரருக்கு அப்போது கிடைத்திருந்த வலுவான சட்டப்பிடி அதுவே என்று கருதுகிறேன்.

அந்தப் பிடியைத் தளர்த்திய தீர்ப்பு 1998இல் வந்தது. 'டியூக் நியூகம் 3டி' விளையாட்டோடு புதிய ஆடுகளங்களைக் கட்டும் கருவி ஒன்றும் தரப்பட்டிருந்தது. ஆட்டக்காரர்கள் ஆர்வத்தோடு கட்டி, இலவசமாகப் பகிர்ந்துகொண்டார்கள். மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் அவற்றில் 300 களங்களைத் திரட்டிக் குறுந்தகட்டில் விற்றது. விளையாட்டின் உரிமையாளரான ஃபார்ம்ஜென் எதிர்த்தது. களக் கோப்புகளுக்குள் ஃபார்ம்ஜெனின் ஓவியம் எதுவும் இல்லை. எந்த ஓவியத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புகளே இருந்தன. மேலே சொன்ன உடைக் கோப்பின் அமைப்பும் இதுவே. ஆனாலும் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி அலெக்ஸ் கொசின்ஸ்கி, அக்களங்கள் டியூக்கின் கதையை நீட்டிச் சொல்கின்றன, தொடர்கதை சொல்லும் உரிமை மூலப் படைப்பாளிக்கே உரியது என்று முடிவு செய்தார். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. நம் இலக்கண மரபில் வழிநூல் செய்தவனும் நூலாசிரியன்தான். இந்த வழக்கிலோ 300 களங்களைக் கட்டியவர்களின் உரிமை என்ன என்ற கேள்வியே இரு தரப்புக்கும் தேவைப்படவில்லை.

பாத்திரங்களுக்குச் சந்தை விலை உண்டு என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 'எவர்குவெஸ்ட்' ஆட்டக்காரர்கள் பல மாதம் உழைத்து வளர்த்த பாத்திரங்களை ஈபேயில் ஏலம் விட்டார்கள். 2001இல் அந்த விளையாட்டை நடத்திய சோனியின் கோரிக்கையை ஏற்று ஈபே அந்த ஏலங்களை நீக்கத் தொடங்கியது. அறிவுசார் சொத்துரிமை மீறல் என்பதே முன்வைக்கப்பட்ட காரணம். அதே ஆண்டின் இறுதியில் பொருளியல் அறிஞர் எட்வர்ட் காஸ்ட்ரனோவா, இத்தகைய ஏல விலைகளைக் கொண்டு எவர்குவெஸ்ட் உலகின் பொருளாதாரத்தையே மதிப்பிட்டு எழுதினார்.

எல்லாவற்றையும்விட விரிவாகப் பார்க்க வேண்டியது காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் தொடுத்த வழக்கு. கலிபோர்னியாவின் கிரிப்டிக் ஸ்டுடியோஸ் உருவாக்கி, தென்கொரிய நிறுவனமான என்சிசாஃப்ட் வெளியிட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2004 ஏப்ரலில் வந்தது. அதில் முதல் திரையே ஒரு தையற்கடை போன்றது. வீரனின் ஆற்றல் அறிவியலால் வந்ததா, மந்திரத்தாலா, பிறவி மாற்றத்தாலா என்று தேர்ந்து, உடலைப் பெருக்கிச் சுருக்கி, உடை உடுத்தி, பெயரிட்டு, அவனுடைய கதையையும் சில வரிகளில் எழுதலாம். பலர் மணிக்கணக்காக அங்கேயே இருந்துவிடுவார்கள். சுயமாக ஒன்றை உருவாக்கியவர்களே அதிகம் என்றாலும், சிறுவயதிலிருந்து நேசித்த காமிக்ஸ் நாயகனை அப்படியே செய்து பார்த்தவர்களும் இருந்தார்கள். அறிவியலால் பெருத்த உடல், பச்சைத் தோல் என்று தேர்ந்தால் மார்வெலின் ஹல்க் எழுந்து நிற்பான். அப்படிப்பட்டவை கண்ணில் பட்டால் நிர்வாகம் பெயரையும் உடையையும் பறித்து, 'ஜெனரிக்' என்ற சொல்லோடு ஓர் எண்ணை ஒட்டிவிடும்.

மார்வெல் 2004 நவம்பரில் கலிபோர்னிய மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. தங்கள் பாத்திரங்களை நகலெடுத்த ஆட்டக்காரர்கள் மீது அல்ல, நகலெடுக்கும் கருவியைக் கொடுத்த நிறுவனங்கள் மீதே வழக்கு. பாடல் கோப்புகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீதான வழக்கு முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிறர் மீறலுக்குத் துணைநின்றவரைப் பொறுப்பாக்கும் கோட்பாடு அப்போது கூர்மையாக இருந்தது.

இனி நடந்ததுதான் இந்த வரலாற்றின் மையம் என்பேன். மீறலுக்குச் சான்றாக மார்வெல் தாக்கல் செய்த திரைப்படிவங்கள் சிலவற்றில் இருந்த பாத்திரங்களை உருவாக்கியவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர், மார்வெல் தரப்பினரே. 2005 மார்ச்சில் நீதிபதி கேரி கிளாஸ்னர் அந்தச் சான்றுகளை நீக்கினார். உரிமையாளர் தன் பாத்திரத்தைத் தானே வரைந்துகொண்டால் அது மீறல் ஆகாது. ஆட்டக்காரர்கள் பாத்திரப் பெயர்களை வணிகத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்பதால், அவர்கள் செயலை அடிப்படையாகக் கொண்ட வணிக முத்திரைக் குற்றச்சாட்டுகளும் தள்ளுபடியாயின. பதிப்புரிமைக் குற்றச்சாட்டுகள் எஞ்சின. அவற்றின் மீது தீர்ப்பு வரும்முன் 2005 டிசம்பரில் சமரசம் அறிவிக்கப்பட்டது. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை, பாத்திரம் உருவாக்கும் கருவியில் மாற்றம் இருக்காது என்பது மட்டும் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட்டுக்காக மார்வெல் விளையாட்டு ஒன்றை உருவாக்கும் பணி அதே கிரிப்டிக்கிடம் போனது. 2008இல் அது கைவிடப்பட்டது.

ஆட்டக்காரரின் கற்பனை குற்றச்சாட்டின் அடித்தளமாக இருந்த வழக்கில், அவருடைய குரல் இல்லை. சான்றுகளில் சிலவும் அவர் கையால் ஆனவை அல்ல. இந்த வழக்கை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் இது என்னை உறுத்துகிறது. திரையில் இருவர் ஒரே ஹல்க்கைச் செய்தாலும், ஒருவருக்கு அது விருப்பத்தின் வெளிப்பாடு, இன்னொருவருக்கு வழக்குக் கட்டு.

மாற்றுப் பாதையே இல்லாமல் இல்லை. 'செகண்ட் லைஃப்' என்ற இணைய உலகை நடத்தும் லிண்டன் லேப், பயனர் உருவாக்கியவற்றின் அறிவுசார் உரிமை பயனருக்கே என்று 2003 நவம்பரில் அறிவித்தது. பெரும்பாலான விளையாட்டு நிறுவனங்கள் அந்த வழியில் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை 'டோட்டா' என்ற விளையாட்டின் கதை விளக்குகிறது.

2002இல் பிளிசர்ட் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' தன்னோடு ஒரு களம் கட்டும் கருவியையும் தந்தது. அதைக் கொண்டு யூல் என்ற புனைபெயர் கொண்டவர் 2003இல் டோட்டாவைத் தொடங்கினார். பின் அதை மற்றவர்கள் எடுத்து வளர்த்தார்கள். ஐஸ்ஃபிராக் என்பவர் பல ஆண்டுகள் பேணினார். பிளிசர்ட் வரைந்த உருவங்களுக்கு ஆட்டக்காரர்கள் புதிய பெயரும் ஆற்றலும் குணமும் கொடுத்து வீரர் கூட்டத்தையே படைத்தார்கள். வால்வ் நிறுவனம் ஐஸ்ஃபிராக்கைச் சேர்த்துக்கொண்டு 'டோட்டா 2'ஐ உருவாக்கியது. பெயருக்காக வால்வும் பிளிசர்டும் மோதி, 2012 மேயில் உடன்பாட்டுக்கு வந்தன. வணிக நோக்கில் அந்தப் பெயர் வால்வுக்கு என்று முடிவானது. மோதலின் தழும்பு பாத்திரங்கள் மீது இருக்கிறது என்பது என் வாசிப்பு. டோட்டாவில் 'விண்ட்ரன்னர்' என்று அறியப்பட்ட வில்லாளி, புதிய விளையாட்டில் 'விண்ட்ரேஞ்சர்' ஆனாள். பிளிசர்டின் கதையுலகில் விண்ட்ரன்னர் என்பது ஏற்கெனவே ஒரு குடும்பப் பெயர்.

பின்னர் லிலித், யுகூல் ஆகிய நிறுவனங்களின் கைப்பேசி விளையாட்டுகள் தங்கள் பாத்திரங்களை நகலெடுத்ததாகக் கூறி பிளிசர்டும் வால்வும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. யுகூல் திருப்பிக் கேட்டது: டோட்டாவின் வீரர்கள் வால்வுக்கு எப்படிச் சொந்தமானார்கள்? யூல் 2004இலேயே தன் படைப்பை மற்றவர்கள் எடுத்து வளர்க்க விட்டுவிட்டாரே, எத்தனையோ பேர் கைகோத்துச் செய்ததாயிற்றே? 2017 மேயில் நீதிபதி சார்ல்ஸ் பிரேயர் இதை எளிதில் ஒதுக்க முடியாது, நடுவர் குழுவே முடிவு செய்ய வேண்டும் என்றார். ஆட்டக்காரரும் ஆசிரியராக இருக்கலாம் என்ற எண்ணம் நீதிமன்றத்தில் இத்தனை தீவிரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது மிக அரிது. அதுவும் இன்னொரு நிறுவனத்தின் தற்காப்பு வாதமாகத்தான் அங்கே வந்து சேர்ந்தது.

பிளிசர்டின் பதில் ஒப்பந்தத்தில் வந்தது. 2020 ஜனவரியில் 'வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்' வெளியானபோது, அதில் ஆட்டக்காரர் உருவாக்கும் விளையாட்டுகள் முழுதும் பிளிசர்டின் சொத்து என்ற விதியும் சேர்ந்து வந்தது. 'இது என் படைப்பு' என்று பெயர் கோரும் தார்மீக உரிமையைக்கூட விட்டுக்கொடுக்கச் சொன்னது அது. பழைய விதிகள் வணிகப் பயன்பாட்டைத் தடுத்தன. சொத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கவில்லை. இன்னொரு டோட்டா கைநழுவக் கூடாது என்பதே இதன் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. செய்தி வந்ததும் ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் இருந்த அட்லஸ் பார்க்கில் தங்கள் வீரர்களோடு தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். மூடும்முன் பலர் பாத்திரங்களின் விவரங்களைக் கோப்புகளாக இறக்கிக்கொண்டார்கள். திறந்து காட்ட உலகமே இல்லாத கோப்புகள் அவை. 2019இல் ரசிகர்கள் நடத்தும் சேவையகங்கள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்றான 'ஹோம்கமிங்' குழுவுக்கு 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் முறையான உரிமம் கொடுத்தது. பழைய உடைக் கோப்பை அங்கே ஏற்றினால், அதே வடிவத்தில், அதே நிறத்தில் பாத்திரம் எழுந்து நிற்கிறது. உரிமம் நிறுவனத்துக்கும் குழுவுக்கும் இடையிலானது. கோப்பு ஆட்டக்காரரின் கணினியில் இருக்கிறது.