கருந்துளையைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் எதற்கு? ஆதிகால கேலக்ஸிகளில் தடுமாறும் 1981 ஃபார்முலா

கேலக்ஸி எனப்படும் பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவில் பெரும்பாலும் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கும். அது சுற்றியுள்ள வாயுவை விழுங்கும்போது, உள்ளே விழும் வாயு கடுமையாகச் சூடாகி ஒளிவீசும். இப்படி விழித்திருக்கும் மையத்துக்குப் பெயர் ‘ஆக்டிவ் கேலக்டிக் நியூக்ளியஸ்’, சுருக்கமாக ஏஜிஎன்.

ஆனால், புதுசா நட்சத்திரங்கள் பிறக்கும் கேலக்ஸியும் பளிச்சென்றுதான் இருக்கும். அப்போ ரெண்டையும் எப்படிப் பிரிப்பது?

பிபிடி வரைபடம்

பால்ட்வின், பிலிப்ஸ், டெர்லெவிச் ஆகிய மூவரும் 1981-ல் ஒரு வழி சொன்னார்கள். கேலக்ஸியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, நைட்ரஜன் கோட்டின் பிரகாசத்தை ஹைட்ரஜன் கோட்டோடு ஒப்பிட வேண்டும். ஆக்சிஜனுக்கும் அதேபோல. கருந்துளை அருகிலிருந்து வரும் கதிர்வீச்சு நட்சத்திர ஒளியைவிட ஆற்றல் மிக்கது என்பதால், ஏஜிஎன்-களில் இந்த இரண்டு விகிதங்களுமே எகிறும். வரைபடத்தில் புள்ளி வலதுபக்கம் மேலே விழுந்தால் ஏஜிஎன். நமக்கு அருகிலுள்ள கேலக்ஸிகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, இதுல என்ன சிக்கல்?

முதலில் அங்கே நைட்ரஜன் இருக்கணும்! பெருவெடிப்பில் உருவானது ஏறக்குறைய ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே. மற்றவை பிற்பாடு வந்தவை, பெரும்பாலும் நட்சத்திரங்களின் தயாரிப்பு. (ஹீலியத்தைத் தாண்டிய அத்தனையையும், ஆக்சிஜன் உட்பட, வானியலாளர்கள் ‘உலோகம்’ என்பார்கள். கெமிஸ்ட்ரி வாத்தியார் காதில் விழாமல் இருந்தால் சரி.)

ஆக்சிஜனைத் தருவது பெரும்பாலும் ராட்சத நட்சத்திரங்கள். அவை சீக்கிரமே வெடித்துச் சிதறிவிடும். நைட்ரஜனின் பெரும்பங்கு நடுத்தர எடை நட்சத்திரங்களிடமிருந்து, அதுவும் ஏற்கெனவே உள்ள கார்பன், ஆக்சிஜனிலிருந்து உருவாகிறது. அதற்குக் காலம் பிடிக்கும். அதனால் இளம் கேலக்ஸியில் கருந்துளை எவ்வளவு ஆவேசமாக விழுங்கினாலும் நைட்ரஜன் கோடு மங்கலாகவே தெரியும். புள்ளி இடதுபக்கம் நகர்ந்துவிடும்.

இன்னொரு பக்கம், உலோகம் குறைந்த நட்சத்திரங்களின் சூடு அதிகம். அவை இருக்கும் கேலக்ஸிகளில் ஆக்சிஜன் விகிதம் உயரும். ஆக, ரெண்டு கூட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஜேம்ஸ் வெப் காட்டியது

2021 டிசம்பர் 25-ல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து, ஹரிகானே தலைமையிலான குழு 2023-ல் 10 மங்கலான ஏஜிஎன்-களை அறிவித்தது. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 75 கோடி முதல் 150 கோடி ஆண்டுகள் வரையிலான காலத்தைச் சேர்ந்தவை அவை. பிபிடி வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால் இவற்றைப் பிரித்தே இருக்க முடியாது. காட்டிக்கொடுத்தது, அகன்று தெரிந்த ஹைட்ரஜன் கோடு. கருந்துளைக்குப் பக்கத்தில் வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுற்றுவதால் வரும் அகலம் அது.

தூசிக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஏஜிஎன்-களில் இந்த அகன்ற கோடு தெரியாது. அவற்றைப் பிடிக்கத்தான் பிபிடி முக்கியமாகக் கைகொடுத்தது. இப்போது அவை எண்ணிக்கையிலிருந்து நழுவுகின்றன. குறுகிய காலத்தில் கருந்துளைகள் எப்படி இவ்வளவு பெரிதாயின என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கை அவசியம்.

எல்லா ஆதிகால கேலக்ஸியும் நைட்ரஜனில் ஏழை என்றும் சொல்லிவிட முடியாது. பெருவெடிப்புக்குச் சுமார் 43 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய ஜிஎன்-இசட்11-ல் எதிர்பார்த்ததைவிட அதிக நைட்ரஜன் தென்பட்டு, விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது.

இப்போதைக்கு மாற்று வழிகளில் ஒன்று, எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் கோடு. அதை ஒளிர வைக்கும் அளவு ஆற்றல் சாதாரண நட்சத்திரங்களிடம் குறைவு. ஆனால் அந்தக் கோடு ரொம்பவே மங்கல். மணிக்கணக்கில் ஒரே இடத்தை உற்றுப் பார்த்தால்தான் சிக்கும்.