மணிலாவுக்குப் பின் பத்துப் போட்டிகள்

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் கொம்புமுறி விளையாட்டைக் கண்டவர்கள் ஒன்றை அறிவார்கள். வடசேரியும் தென்சேரியும் தத்தம் கொம்புகளைக் கொளுவி இழுக்கின்றன. ஒரு கொம்பு முறிகிறது. ஆரவாரம் அடங்குமுன்பே வாதம் தொடங்கிவிடுகிறது. முறித்த கொம்பு வலியதா, முறிந்த கொம்பு உளுத்ததா என்பதே வாதம்.

அண்மையில் எமது மாணவர் நடத்திய விவாத அரங்கொன்றிலும் இதே கேள்விதான் வேறு உருவில் எழுந்தது. பொருள், குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் இறுதிக் காலம். 1975ஆம் ஆண்டுக்குப் பின் அலி வென்றவை எல்லாம் தரம் குறைந்த எதிரிகளைத் தெரிந்தெடுத்துப் பெற்ற வெற்றிகளே என்றது ஒரு சேரி. தளர்ந்த உடலோடும் வல்லவர்களை எதிர்கொண்டு நின்றமையே அவருடைய பெருமை என்றது மறுசேரி. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சீனடி ஆசான்களின் புகழ் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கல்லடியிலும் வந்தாறுமூலையிலும் இருந்து வந்த பிள்ளைகளோடு கலந்து, மதத்தால் அன்றிக் கருத்தால் பிரிந்து வாதிட்டதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். ஆயினும், இரு சாராரும் கேளாது விட்ட கேள்வி ஒன்று இருந்தது. அதனைக் கேட்பதற்கு முன் வரலாற்றை நிரல்பட நோக்குதல் வேண்டும்.

1942இல் லூயிவில் நகரிற் பிறந்த அலி, 1964இல் சொனி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் பெற்றார். 1967 ஏப்ரலில், வியட்நாம் மக்கள்மீது தொடுக்கப்பட்ட போருக்காகப் படையிற் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டினால் சிறை செல்லாது தப்பினாரெனினும், 1967 மார்ச் முதல் 1970 ஒக்டோபர் வரை அவர் மேடையேற இயலவில்லை. 1971இல் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. ஆனால், இருபத்தைந்து வயதுக்கும் இருபத்தெட்டு வயதுக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஒரு வீரனின் உடல் முதிர்ந்து விளைந்து நிற்கும் பருவம் அது.

மீண்டு வந்த அலி முன்போல் கால் ஓயாது சுழன்று அடிகளைத் தவிர்ப்பவராக இருக்கவில்லை. அடியைத் தாங்கி நின்று வெல்பவராக மாறியிருந்தார். 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் போர்மனைக் கயிற்றில் சாய்ந்தவாறே களைக்கச் செய்து வென்றார். 1975 ஒக்டோபர் 1ஆம் திகதி மணிலாவில் ஜோ பிரேசியரோடு பதினான்கு சுற்றுக்கள் பொருதினார். பதினைந்தாவது சுற்றுக்குப் பிரேசியரை அவருடைய பயிற்சியாளரே அனுப்ப மறுத்தமையால் அலி வென்றார். அவ்வெற்றி இருவர் உடலையும் தின்ற வெற்றி. விவாதத்துக்குரிய இறுதிக் காலம் இங்குதான் தொடங்குகிறது.

மணிலாவுக்குப் பின் அலி ஆடிய முறைப்படியான போட்டிகள் பத்து. அவற்றுள் வென்றவை ஏழு, தோற்றவை மூன்று. முழு வாழ்விலும் அவர் ஆடிய போட்டிகள் 61, தோல்விகள் 5. அந்த ஐந்தில் மூன்று இறுதி நான்கு போட்டிகளுள் அடங்குகின்றன. எண்களே சரிவைக் காட்டுகின்றன.

முதலாவது சேரியின் சான்றுகள் மூன்று. 1976 பெப்ரவரியில் எதிர்த்தவர் பெல்ஜியத்தின் ஜோன் பியேர் கூப்மன். அதே ஆண்டு மே மாதம் மியூனிக்கில் எதிர்த்தவர் இங்கிலாந்தின் றிச்சட் டன். இருவரும் ஐந்தாவது சுற்றிலேயே வீழ்ந்தனர். 1977 மே மாதத்தில் எதிர்த்த அல்பிரெடோ எவஞ்சலிஸ்டா தொழின்முறைக் களத்துக்குப் புதியவர். இவர்கள் உலகப் பட்டத்துக்குப் பொருதத்தக்க முதல் வரிசையினர் அல்லர் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், மற்றவர்கள் யாவர்? 1976 ஏப்ரலில் பதினைந்து சுற்றுக்களும் அலியைத் திணறடித்த ஜிம்மி யங், அடுத்த ஆண்டு போர்மனையே வென்றவர். கின்ஷாசாவில் 216 இறாத்தல் எடையோடு நின்ற அலி, யங்கின் முன் 230 இறாத்தலோடு வந்து நின்றார். நடுவர்கள் தந்த வெற்றியை அன்றே பலர் ஐயுற்றனர். அதே ஆண்டு செப்ரெம்பரில் எதிர்த்த கென் நோட்டன், 1973இல் அலியின் தாடையை முறித்து வென்றவர். இம்முறையும் அலிக்குக் கிடைத்த தீர்ப்பு இன்றுவரை வாதத்துக்குரியது. 1977 செப்ரெம்பரில் எதிர்த்த ஏர்ணி ஷேவர்ஸ் அக்காலத்தின் மிக வலிய அடிக்காரருள் ஒருவர். அந்தப் பதினைந்து சுற்றுக்களின் அடிகளையும் வாங்கிக்கொண்டே அலி வென்றார். ஆகவே, எதிரிகள் எல்லோரும் உளுத்த கொம்புகள் என்பது பொய். எல்லோரும் வைரம் பாய்ந்த கொம்புகள் என்பதும் பொய்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சரிவை அறிவதற்கு வலிய எதிரியிலும் எளிய எதிரியே சிறந்த அளவுகோல். எவஞ்சலிஸ்டா போன்ற புதியவரை முன்னைய அலி சில சுற்றுக்களில் முடித்திருப்பார். 1977இன் அலிக்குப் பதினைந்து சுற்றுக்களும் தேவைப்பட்டன. டன்னுக்குப் பின் அலி எவரையும் வீழ்த்தி வென்றதே இல்லை. 1978 பெப்ரவரியில், ஏழே ஏழு தொழின்முறைப் போட்டிகள் ஆடியிருந்த லியோன் ஸ்பிங்ஸ் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். செப்ரெம்பரில் அலி அதனை மீட்டு, மூன்றாம் முறையும் உலக வீரரானார். இரு மாதங்களின் பின் எமது மாவட்டத்தைச் சூறாவளி சிதைத்தது. அன்று தென்னைகள் வீழ்ந்த கதையைச் சொல்லும் எமது முதியோர், அந்த ஆண்டில் வானொலியிலும் செய்தித்தாளிலும் அலி மீண்ட கதையையும் சேர்த்தே சொல்வார்கள். அத்தோடு அவர் நின்றிருந்தால் எமது மாணவருக்கு விவாதப் பொருளே இருந்திராது.

‘தரம் குறைந்த எதிரிகள்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் எத்தகைய மனிதர்? டன் கட்டிடங்களுக்குச் சாரம் கட்டும் தொழிலாளி. கூப்மன் கல்லிற் சிலை செதுக்குபவர். மணிலாவுக்குச் சில மாதங்கள் முன்பு, பதினைந்தாவது சுற்றின் இறுதி வினாடிகள் வரை அலியின்முன் நின்ற சக் வெப்னர் மதுவகை விற்பனையாளர். தொழில் செய்து பிழைத்தவர்கள், வாழ்வில் ஒருமுறை கிட்டிய பெருங்கூலிக்காக உலகின் தலைசிறந்த கைகளின்முன் தம் முகத்தைக் கொடுத்தனர். அவர்களைத் தெரிந்தெடுத்தவன் அலி என்று மட்டும் கூறுவது அரைகுறை உண்மை. போட்டியை விற்பவனும், ஒளிபரப்பை வாங்குபவனும், நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுப்பவனும் சேர்ந்தே எதிரியைத் தெரிந்தெடுக்கிறார்கள். அப்படியாயின், நாம் கேட்கவேண்டிய கேள்வி எதிரிகள் எத்தகையோர் என்பது மட்டுமன்று. அவன் இன்னும் ஆடவேண்டுமென விரும்பியவர் யார் என்பதுமாகும்.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஷேவர்ஸுடனான போட்டிக்குப் பின் அலியின் மருத்துவர் பேர்டி பச்செக்கோ, சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவதைக் காட்டும் அறிக்கையின் பிரதிகளை அலிக்கும், அவர் மனைவிக்கும், பயிற்சியாளருக்கும் அனுப்பினார். மறுமொழி வரவில்லை. மருத்துவர் விலகிக்கொண்டார். மடிசன் சதுக்க அரங்கில் போட்டிகளை ஒழுங்கு செய்த ரெடி பிரெனர், இனி அலிக்கு இந்த அரங்கு போட்டி தராது என வெளிப்படையாகவே அறிவித்தார். ஓர் அரங்கு கதவடைத்தால் வேறோர் அரங்கு கதவு திறக்கிறது. சந்தையின் இயல்பு அது.

1979இல் ஓய்வை அறிவித்த அலி, 1980இன் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தார். சென்னை நேரு விளையாட்டரங்கில், முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் முன்னிலையில், ஜிம்மி எலிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எலிஸ் அவருடைய இளமைக்கால நண்பர். அலி தடைப்பட்டிருந்த காலத்தில் பட்டங்களுள் ஒன்றைப் பெற்றிருந்தவர். கண்ணிற் பட்ட காயத்தால் ஓய்வு பெற்றவர். தமிழ் மக்கள் கண்ணெதிரே கண்ட அலி இந்த அலிதான். அன்று அவர் அடிபடவில்லை; மக்கள் மகிழ்ந்தனர். அந்த அளவில் அது நல்ல முடிவாக இருந்திருக்கக்கூடும். ஆனால், அவர் இந்தியாவில் இருந்தபோதே அமெரிக்க அரசின் அழைப்பு வந்தது. மொஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆபிரிக்க நாடுகளை வேண்டும் தூதராக அவரைச் ஜனாதிபதி கார்ட்டர் அனுப்பினார். தன்சானியாவின் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்தார். 1967இல் தன் அரசுக்கு ‘முடியாது’ என்ற குரலை, 1980இல் அதே அரசு தன் தேவைக்குக் கேட்டு வாங்கியது. தளர்ந்தது உடல் மட்டுமன்று என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அந்த ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி லாஸ் வேகாஸில் லரி ஹோம்ஸை எதிர்த்தார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணைவர். போட்டிக்கு முன் நடந்த மருத்துவச் சோதனையில், விரலால் மூக்கைத் தொடும்போது அலியின் குறி சற்றுத் தவறியது பதிவாயிற்று. உரிமம் வழங்கப்பட்டது. எடை குறைக்க உட்கொண்ட தைராய்டு மருந்தினால் தோற்றம் மெலிந்து இளமைபோல் தோன்றியது, வலுவோ வற்றிப்போயிற்று. பத்துச் சுற்றுக்கள் அவர் அடிபட்டார். போட்டியை நிறுத்துமாறு நடுவரை நோக்கிச் சைகை காட்டியவர் அடித்துக்கொண்டிருந்த ஹோம்ஸே. ஈற்றில் பயிற்சியாளர் அஞ்சலோ டண்டி நிறுத்தினார். வென்றவர் கண்ணீர் விட்டார்.

இப்போட்டி நிகழ்ந்த சீசர்ஸ் பலஸ் விடுதியில், வருவோரை வரவேற்கும் பணியில் அமர்த்தப்பட்டிருந்தவர் ஜோ லூயிஸ். உலகப் போர்க் காலத்தில் தன் போட்டி வருவாயைப் படையினர் நிதிக்கு அளித்தவர்; பின்னர் அதே அரசின் வரிக்கடனால் ஓய்விலிருந்து மேடைக்குத் திரும்பியவர்; 1951இல் மார்சியானோவின் கைகளில் வீழ்ந்தவர். ஒரு தலைமுறைக்கு முன் எழுதப்பட்ட பாடம் அதே வாசலில் இருந்தது. படித்தவர் இல்லை.

1981 டிசெம்பர் 11ஆம் திகதி பஹாமாஸின் நசோ நகரில் ட்ரெவர் பேர்பிக்கிடம் தோற்றமையே இறுதி. அங்கு சுற்றுக்களை அறிவிக்க முறையான மணிகூட இருக்கவில்லை. மாட்டின் கழுத்து மணியொன்றை அடித்தார்கள். உலகம் கொண்டாடிய கலைஞனின் கடைசிச் சுற்று அந்த மணியோசையோடு முடிந்தது. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என அறியப்பட்டது. 2016இல் மறைந்தார். நோயில் அடிகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், நோயின் சாயல் தெரிந்த பின்னரும் அடிகள் தொடர்ந்தன என்பதில் ஐயமில்லை.

எமது படுவான்கரை வயல்களில் போடியாரின் நிலத்தில் உழைத்த முல்லைக்காரர்களை நினைத்துப் பார்ப்போம். கை வலுவுள்ளவரை களத்தில் அவனுக்கு இடமுண்டு. வலு குன்றியபோது, ‘முன்னைய ஆள் இல்லை’ என்று சொல்லுபவர்களே, முன்னைய வலுவால் நிரம்பிய பட்டறையின் நெல்லை உண்டவர்கள். வீரனும் உடலை விற்றுப் பிழைப்பவனே. அவனது கூலி பெரிது; அதனால் உறவு மாறிவிடவில்லை.

அலி தன் விருப்பத்தின்பேரிலேயே ஆடினார் என்று எமது மாணவர் ஒருவர் கூறினார். உண்மைதான். புகழும் பணமும் அவரை இழுத்தன, அவர் குழந்தையல்லர். அவர் பொறுப்பை நாம் துடைத்துவிட முயலவில்லை. எனினும், விருப்பம் என்பது வெறுங்காற்றில் பிறப்பதில்லை. சூழ நின்ற பலரின் உணவு அவருடைய கைகளில் இருந்தது. பார்வையாளராகிய எமது ஆசையும் அச்சூழலின் ஒரு பகுதி. ‘இன்னுமொருமுறை’ என்ற ஆரவாரம் அரங்கின் நுழைவாயிலில் மட்டும் எழுவதன்று.

ஆகவே, விவாத அரங்கில் நாம் எந்தச் சேரிக்கும் வெற்றி வழங்கவில்லை. எதிரிகளின் தரத்தை அளந்து பாருங்கள், அது வேண்டிய ஆராய்ச்சியே. ஆனால் அளக்கும்போது வீழ்ந்தவனின் தொழிலையும், வென்றவனின் வயதையும், இருவருக்கும் நாள் குறித்தவனின் இலாபத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள் என்றோம். அடுத்த மாதம் அந்தத் தாளோடு வருவதாகச் சொல்லிப் பிள்ளைகள் கலைந்தார்கள்.