கடையும் அட்டைப்பெட்டியும்

ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்கு வடக்கே, மாரின் மாவட்டத்தில், டமல்பையஸ் மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வசித்த சில வாலிபர்கள், ஷ்வின் கம்பெனியார் ஒரு தலைமுறைக்கு முன்னர் செய்து விற்ற கனத்த சைக்கிள்களைப் பழஞ்சாமான்களின் நடுவிலிருந்து தேடியெடுத்து, மண்பாதைகளில் தலைதெறிக்க இறங்கும் விநோதத்தை 1970-களில் ஆரம்பித்தார்கள். சுமார் 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறங்கும் ஒரு பாதையில் 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அவர்கள் முதல் பந்தயத்தையும் நடத்தினார்கள். பெடலைப் பின்புறமாக மிதித்தால் சக்கரத்தைப் பிடிக்கும் பழைய பிரேக்கு, அந்த இறக்கத்தின் உஷ்ணத்தில் கிரீஸெல்லாம் புகையாய்ப் போய் வறண்டுவிடுமாதலால், பந்தயம் முடிந்ததும் சக்கரத்தின் குடத்தைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ஆகவே அக்காலத்தில் மலைச் சைக்கிள் ஓட்டியவன் ஒவ்வொருவனும் ஏறக்குறைய ஒரு மெக்கானிக்காகவும் இருந்தான்.

முதல் மலைச் சைக்கிளை இணையத்தில் தருவிப்பதா, உள்ளூர்க் கடையில் வாங்குவதா என்று இன்று எழும் தர்க்கத்தில், கடையே புராதன சம்பிரதாயம் என்று சகலரும் கருதுகிறார்கள். ஆனால் இந்த வாகனம் உற்பத்தியான வேளையில் அதை விற்பதற்கென்று கடை ஏதும் இருந்ததில்லை. ஜோ ப்ரீஸ் என்பவர் 1977-இல் இதற்கெனவே ஒரு சைக்கிள் சட்டத்தைத் தம் கையால் செய்தார். இரண்டு வருஷங்களுக்குப் பின், டாம் ரிட்சி செய்த சட்டங்களை வைத்துக்கொண்டு கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ஒரு சிறு வியாபாரம் தொடங்கினார்கள். விலை சுமார் 1,300 டாலர். விற்பவரே செய்நேர்த்தி பார்ப்பவர், அவரே பந்தயக்காரர்.

கடைகளின் பிரவேசம் 1981-இல் நேர்ந்தது. மைக் ஸின்யார்ட் என்பவரின் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி, ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பரை 750 டாலருக்குக் கடைகளின் வாயிலாக விற்றது. அதுமுதல் வாங்குகிறவன் மெக்கானிக்காக இருக்கவேண்டிய நிர்ப்பந்தம் நீங்கிற்று. அந்த வேலையைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். அதற்குரிய கூலி விலையிலேயே ஒளிந்திருந்தது. பின்னாளில் எழுந்த பூசலெல்லாம், கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூலியைப் பற்றியதே என்பது என் அபிப்பிராயம்.

தூரத்திலிருந்து தருவிக்கும் வழக்கத்துக்கும் வயது குறைவன்று. ஸியர்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலைப் பார்த்து அமெரிக்கக் குடியானவர்கள் 1890-களிலேயே தபால் மூலம் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். நம் காலத்து இணைய வியாபாரத்தில் புகழ்பெற்ற இரண்டு ஸ்தாபனங்களோ சாக்ஷாத் சிறு கடைகளிலிருந்தே முளைத்தவை. வட அயர்லாந்தில் பாலிநூர் என்னும் சிற்றூரில் 1985-இல் ஒரு தம்பதி திறந்த சைக்கிள் கடை, தபால் வியாபாரமாக விரிந்து, பிறகு செயின் ரியாக்ஷன் என்ற பெயரில் உலகெங்கும் சாமான் அனுப்பியது. அதே வருஷத்தில் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில் அர்னால்டு சகோதரர்கள் ஒரு கடை தொடங்கினார்கள். அவர்களுடைய தகப்பனார் பந்தயங்கள் நடக்குமிடங்களுக்கு இத்தாலிய உதிரிச் சாமான்களை வண்டியில் கொண்டுபோய் விற்றவர். அந்தக் கடைதான் இணையத்தில் நேரே விற்கும் கான்யன் ஆயிற்று. இடையில் கடைக்காரர் இல்லாததால் கான்யன் சைக்கிளின் விலை குறைந்தது. அதே விலைக்கு மேலான உறுப்புகள் கிடைத்தன. இதை மறுப்பது நியாயமன்று.

ஆயினும் வீட்டுக்கு வந்த பெட்டியைப் பிரித்தவன் முன்னால் கிடப்பது முழுச் சைக்கிள் அன்று. ஹாண்டில்பார் திருப்பிக் கட்டப்பட்டிருக்கும்; முன்சக்கரமும் பெடல்களும் தனித்திருக்கும். இடது பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றுவது என்று அறியாதவன் பலங்கொண்டமட்டும் முறுக்கிக் கிராங்கின் மரையையே கெடுத்துவிடுவான். சக்கரம் மாட்டாதிருக்கையில் டிஸ்க் பிரேக்கின் பிடியை விளையாட்டாக அழுத்திவிட்டால், பிரேக்குக் கட்டைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும்; பிறகு தட்டு உள்ளே நுழையாது. சில வாரங்கள் ஓட்டியபின் ஆரக்கம்பிகள் தளர்வதும், கியர் வயர் தொய்வதும் சகஜம். அப்போது சக்கரத்தின் கோட்டம் எடுத்துக் கியரைச் சீர்செய்ய ஒரு கை வேண்டும். அளவு விஷயம் இன்னும் சூக்ஷ்மமானது. பெடல்கள் சுற்றும் நடு அச்சுக்கும் ஹாண்டில் குழாயின் தலைக்கும் இடையே கிடைமட்டமாக அளந்த தூரத்தை, மில்லிமீட்டர் பிசகாமல், இணைய அட்டவணை காட்டும். இதற்கு முன் எந்தச் சைக்கிளிலும் மலையேறியிராதவனுக்கு அந்த எண் எதைச் சொல்லும்?

அதனால் முதல் சைக்கிளைப் பொறுத்தவரை என் பக்ஷபாதம் கடைக்கே. கடைக்காரர்களெல்லாம் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விற்காமல் தங்கிப்போன அளவையே உங்கள் உயரத்துக்குப் பொருத்தமென்று சாதிப்பவர்களும் அவர்களிடையே உண்டு.

பெருங்கம்பெனிகள் கடையையும் இணையத்தையும் இணைக்கப் பார்த்தன. 2015-இல் ட்ரெக் கம்பெனி, இணையத்தில் பணம் செலுத்தி உள்ளூர்க் கடையில் சைக்கிளைப் பெற்றுக்கொள்ளும் முறையை அறிவித்தது. ஸ்பெஷலைஸ்டோ 2022-இல் அமெரிக்காவில் நேரே வீட்டுக்கே அனுப்பவும் துணிந்தது. மறுவருஷம், விக்கிள் என்ற மற்றொரு இணையக் கடையோடு ஏற்கெனவே இணைந்திருந்த செயின் ரியாக்ஷன் நொடித்தது. பெயரை வேறொரு கம்பெனி வாங்கியது. இன்று கடைக்காரர்கள் பலர், வேறிடத்தில் வாங்கிய சைக்கிளைப் பெட்டியோடு கொண்டுவருபவருக்கும் பூட்டித் தருகிறார்கள். முன்பு விலைக்குள் மறைந்திருந்த கூலிக்கு இப்போது தனிச் சீட்டு எழுதுகிறார்கள்.