முன்பணம் வாங்கியவர்களின் கதை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பதினான்காம் லூயியின் போர்களையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தோம். எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்து ஆட்களை ஏற்றிப் போன கப்பல்களைப் பற்றி ஒரு வரிகூடப் பாடத்தில் கிடையாது.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் நம்மவர்களை மார்த்தினிக் தீவில் கொண்டுபோய் இறக்கியது. மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் குவாதலூப்பில் இறக்கியது. இவற்றை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். ஆனாலும் தேதிகள் தெரிந்ததே தவிர, போனவர்களின் முகம் தெரியவில்லை.

அந்த முகத்தைக் காட்டியது 'எரியும் பனிக்காடு' நாவல். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் தந்தவர் இரா.முருகவேள். திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கடன் தீர்வதில்லை. கோப்பில் ஒரு வரியாக நிற்கும் 'முன்பணம்' என்ற சொல், கதையில் ஒரு குடும்பத்தையே விழுங்குகிறது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது உறைக்கும்.

இங்கே படப்பையில், தெரிந்த ஆசிரியை ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பில் சில பக்கங்களை வாசித்துக் காட்டினார். ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உண்டு. ஒடிசாப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க அப்பாவும் அட்வான்ஸ் வாங்கித்தான் வந்தாரு டீச்சர்" என்றானாம். அதுவரை அவனை 'இந்திக்காரன்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பிள்ளைகள், அவன் தாய்மொழி ஒடியா என்பதையே அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்களாம்.

கதையை அப்படியே சரித்திரமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கருப்பன் கற்பனை, கங்காணி முறை கற்பனையல்ல. எது எதுவென்று பிள்ளைகளையே பிரித்து எழுதச் சொல்லலாம். கூடவே, தோட்டத்தில் மருத்துவ வசதியும் பள்ளிக்கூடமும் வேண்டும் என்ற 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் சொல்லிக் கொடுக்கலாம்.

சில ஆசிரியர்கள் 'பரதேசி' படத்தைப் போட்டுக் காட்டினால் போதும் என்கிறார்கள். 2013-ல் வந்த அந்தப் படம் இந்த நாவலைத் தழுவியதுதான். ஆனால் நாவலில் டாக்டர் தொழிலாளிகளுக்காக வாதாடுகிறவர். படத்தில் மதம் மாற்ற வந்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஏன் இப்படி மாறியது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே இரண்டு பீரியட் போதாது.